அடையாளம் வைத்ததைத் தின்பது

பூனை தட்டை நக்குவது போல ஓர் ஓசை கேட்டது. ஹமீதாவின் வீட்டில் பூனை கிடையாது.

சூலியா தெருவில் கணவர் சிக்கந்தரின் நாசி கண்டார் சோற்றுக்கடை. அதன் மாடியில்தான் வீடு. நோன்பு மாதத்து மாலை. வெளியே மழை கனத்துப் பெய்ய, கீழிருந்து மீன்கறி வாசமும் ஈரச்சுவரின் பூஞ்சை வாசமும் ஒன்றாக மரப்படி ஏறி வர, மேசையில் பேரீச்சம்பழம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திக் காது கொடுத்தாள். சொரசொரப்பான நாக்கு. கூடத்தின் ஏதோ மூலையில் எதையோ நிதானமாக வழித்துக்கொண்டிருந்தது.

“ஹமீதா! மதிய மருந்து போட்டியா?” படியடியிலிருந்து சிக்கந்தரின் குரல்.

“போட்டாச்சு.”

“நெஜமாவா?”

“அவ்வளவு கூட்டத்தை விட்டுட்டு என்னை விசாரிக்க வந்துட்டீங்களா? போங்க, கறி அடிப்பிடிக்கப் போகுது.”

“நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை குடுத்துட்டான். உனக்கு மட்டும் அது பத்தல லா,” என்று சிரித்தபடி போனார்.

அவள் போடவில்லை. விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு ஒன்று, நோன்பு திறந்ததும் ஒன்று. நடுவில் உள்ளதை முதல் நோன்பிலிருந்தே விட்டுவந்தாள். நோன்பைக் காக்க நோன்பிலேயே ஒரு பொய்.

டாக்டர் சுபாஷினி பொறுமையாகத்தான் சொல்லியிருந்தார். “அக்கா, நம்ம ரத்தத்துல காவல் புரதங்கள் இருக்கு. கிருமி மேல ஒட்டி, இதைத் தின்னுன்னு அடையாளம் வைக்கும். துப்புரவு செல் வந்து தின்னுடும். மூளையிலயும் இந்த வேலை உண்டு. வளர்ற வயசுல வேண்டாத நரம்பு இணைப்பை அப்படித்தான் கழிக்கும். உங்க லூப்பஸ் நோய்ல அது வரம்பு மீறிடுச்சு. வேண்டியதுலயும் அடையாளம் வைக்குது. தின்ன இணைப்பு திரும்ப வரும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. மருந்தை ஒரு வேளைகூட விடாதீங்க.”

ஓசை நின்றது. ஹமீதா மணி பார்க்க நிமிர்ந்தாள்.

சுவரில் வட்டமாக ஏதோ தொங்கியது. அதற்குள் இரண்டு குச்சிகள். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. அவை எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. வட்டத்தின் நடுவே, பால் சொட்டியது போல ஒரு வெள்ளைப் புள்ளி காய்ந்துகொண்டிருந்தது.

அடுத்த புள்ளி ஜன்னலோரத்துப் பச்சைச் செடியில் மலர்ந்தது. மெல்ல, ஈரமாக. பின்னாலேயே நாக்கின் ஓசை. செடியின் பெயர் போயிற்று. தினமும் தண்ணீர் ஊற்றியவள் அவள்தான், அதுவும் போயிற்று. பிறகு சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படம். அதில் பட்டுத் துணியில் யாரோ ஒருத்தி.

 அந்த ஓசை போகும் திசை அவளுக்குப் புரிந்தது. சின்னதில் தொடங்கி உள்ளே வருகிறது. உள்ளே இருப்பது ஒருத்திதான். ஃபரா. அக்கரையில், பத்து காவான் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை முடித்து, பாலத்து நெரிசலில் காடியை ஓட்டி, நோன்பு திறக்க வந்துகொண்டிருக்கும் மகள்.

“அவளைத் தொட்டுப் பாரு,” என்றாள் ஹமீதா, காலியான கூடத்தைப் பார்த்து. குரல் நடுங்கியது. அடுத்த வார்த்தையில் நடுங்கவில்லை. “தொட்டுத்தான் பாரேன்.”

மாத்திரையை எடுத்தாள். நோன்பு திறக்கும் பாங்கு இன்னும் கேட்கவில்லை. “யா அல்லாஹ், நீ குடுத்த சலுகையை வாங்க மறுத்தது என் தப்பு,” என்று சொல்லித் தண்ணீரோடு விழுங்கினாள். ஒரே நொடியில் மருந்து எதையும் நிறுத்தாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் விழுங்கினாள்.

படியில் காலடி.

“உம்மா! ஜாம் லா, பாலத்துல ஒரு மணி நேரம். செம பசி.” நனைந்த துப்பட்டியோடு ஃபரா நின்றாள். வாப்பாவின் மூக்கு, உதட்டோரச் சிரிப்பு. முழுசாக இருந்தாள். ஹமீதா மூச்சு விட்டாள்.

மகளின் நெற்றி நடுவே புள்ளி மலர்ந்தது.

ஹமீதா பாய்ந்தாள். நாற்காலி சாய்ந்தது. கை நீட்டுவதற்குள் ஓசை முந்திக்கொண்டது. ஒரு நக்கு. மூக்கு இருந்தது, அது யாருடைய மூக்கும் இல்லை. இன்னொன்று. இரண்டு கண்கள், ஓர் உதடு. எல்லாம் சேர்ந்தும் முகமாகவில்லை.

எதிரே யாரோ ஒரு பெண். நனைந்து, நடுங்கி.

“உம்மா? ஏன் இப்படிப் பாக்குறீங்க?”

அந்தப் பெண்ணின் பெயரை ஹமீதா தேடினாள். இல்லை. தேடிய இடமும் இல்லை.

ஆனால் அந்தப் பெண்ணின் நெற்றியில் புள்ளி இன்னும் இருந்தது. அது இன்னும் எதையோ கேட்டது.

“பயப்படாதே, புள்ள,” என்றாள். “நீ யாருன்னு எனக்குத் தெரியல. நோன்பாளி மாதிரி இருக்க. இப்படி வா.” அந்நியப் பெண்ணை அணைத்து, காய்ச்சல் பார்ப்பது போல அவள் நெற்றியில் உள்ளங்கையை அழுத்தி மூடினாள். “இவ பக்கம் வராதே. என்கிட்ட வா,” என்றாள், ஓசை வந்த பக்கம் பார்த்து.

மழை ஓய்ந்தது. பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது.

ஹமீதாவின் புறங்கையில் ஈரமாக, சொரசொரப்பாக, வெதுவெதுப்பாக ஒன்று பட்டது. சுண்டுவிரலிலிருந்து தொடங்கியது. ஒவ்வொரு விரலாக.

அவள் கையை எடுக்கவில்லை.

உள்ளங்கைக்குக் கீழே அந்தப் பெண்ணின் கண்கள் மேலே உருண்டு, கையின் மேல் குனிந்து நக்கிக்கொண்டிருந்த அதைப் பார்த்து, இமைக்க மறந்து நின்றன.