இணைந்துள்ள சாதனங்கள்: 2

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ரத்னவேல் தன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தபோது, ஹாட்ஸ்பாட் பக்கத்தில் ‘இணைந்துள்ள சாதனங்கள்: 2’ என்று இருந்தது. வீட்டில் இருந்ததோ சமையலறை மேசைமேல் கமலாவின் மடிக்கணினி ஒன்றுதான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இரண்டுதான்.

கமலா அவர் மனைவி. போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. தொண்டையில் புற்று, குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவள் இதே மேசையில் உட்கார்ந்து, இந்தக் கணினியில் தன் குரலை ஒரு மணி நேரம் பதிந்து வைத்தாள். எனக்கப்புறம் கேளுங்க, இப்பக் கேட்டா அழுவீங்க என்றாள். அதற்குப் பிறகு பேச வேண்டியதையெல்லாம் கைப்பேசியில் தட்டிக் காட்டுவாள். அது பக்கத்தில் இல்லாவிட்டால் அவர் உள்ளங்கையை இழுத்து வைத்து விரலால் எழுதுவாள்.

அந்தப் பதிவைக் கேட்கிற துணிவு அவருக்கு இன்றுதான் வந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகக் கணினி திறக்க மறுத்தது. எப்போதோ பாதியில் நின்றுபோன அப்டேட், பன்னிரண்டு ஜிபி, அதை முழுதாக இறக்கினால்தான் உள்ளே விடுவேன் என்று அடம்பிடித்தது. வீட்டு இணையமோ கமலா பெயரில் இருந்தது. அவள் இறந்ததைத் தெரிவித்ததும் அதுவும் நின்றது. முன்பு பக்கத்து வீட்டில் குடியிருந்து இப்போது ஜூரோங்குக்குக் குடிபோய்விட்ட அர்ஃபான், கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவர், காலையில் போனில் வழி சொன்னார். கைப்பேசியிலிருந்தே இணையம் கொடுக்கலாம், ஆனால் உங்களுடையது பழைய போன், இறங்கி முடிகிறவரை யாரிடமும் பேசாதீர்கள், பேசினால் இணையம் நிற்கும் என்றார்.

“பாதியில மட்டும் கட் ஆகக்கூடாது அங்கிள். ஆச்சுன்னா உள்ள இருக்கறது எதுவும் முழுசா வராது லா.”

அதனால் காலையிலிருந்து அவர் நாற்காலியை விட்டு நகரவில்லை. கீழே பஃபலோ ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தேக்கா மார்க்கெட்வரை நிரம்பி வழிந்தது. புல்தரையிலும் நடைபாதையிலும் உட்கார்ந்து, வேலைக்காகக் கடல் கடந்து வந்த ஆயிரக்கணக்கான பேர் ஊரிலிருக்கும் பெண்டாட்டி பிள்ளைகளை வீடியோவில் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் அலைவரிசையில் மிச்சம் மீதியாக வந்த இணையம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகி, அறுபத்தொரு சதவீதத்திலேயே முக்கால் மணி நேரமாக நின்றது. அவர்களைக் குறை சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. அவரும் ஒரு குரலுக்காகத்தானே காத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சாதனத்தைப் பார்த்ததும், எவனோ நம் இணையத்தைத் திருடுகிறான் என்று முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் பாஸ்வேர்ட் அவர்களுடைய கல்யாணத் தேதி. அதுதான் பாஸ்வேர்ட் என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். பட்டியலைத் தொட்டுத் திறந்தார். முதல் வரியில் மடிக்கணினி. இரண்டாவது வரியில் ‘கமலா போன்’.

அந்தப் போன் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சாங்கிக் கடலில் அஸ்தி கரைத்த அன்று, குருக்கள் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தபோது, யாருக்கும் தெரியாமல் அதை அஸ்தி இருந்த சிவப்புத் துணி மூட்டைக்குள் சொருகியவரே அவர்தான். போகிற இடத்தில் வாயில்லாமல் என்ன செய்வாள் என்று நினைத்தார். போகிறவர்களுக்கு வாய்க்கரிசிதான் போடுவார்கள், பேச வழி செய்து அனுப்புவதில்லை. அது தெரியாதவரும் இல்லை அவர். பாசம் கண்ணை மறைத்தது, செய்துவிட்டார்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. கீழிருந்து ஏறி வந்த பொரித்த வெங்காய வாசனையும் மல்லிகைச்சர வாசனையும் மெல்ல அடங்கி, அந்த இடத்தில் வேறொரு வாசனை, அஸ்தி கரைத்த படகுத்துறையில் காலையில் அடிக்கும் உப்பும் பாசியும் கலந்த ஈர வாசனை, பத்தாவது மாடிச் சமையலறைக்குள் குளியலறைப் பக்கமிருந்து கசிந்து வந்தது. ஜன்னலைச் சாத்தினார். வாசனை போகவில்லை.

எழுபது சதவீதம். குளியலறைக்குள் தரைக்கல்லில் ‘டிக்’கென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. காலையில் கண் விழிக்கும் முன்பே முப்பத்திரண்டு வருஷம் கேட்ட சத்தம் அது. மெட்டி.

பைப்பு சொட்டுகிறது என்று சொல்லிக்கொண்டார். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

எண்பது. பட்டுப்புடவை நனைந்து கனத்துத் தரையில் இழுபடும் சத்தம். அவளைச் சுமங்கலியாக, கூறைப்புடவை கட்டித்தான் அனுப்பினார்கள்.

எண்பத்தெட்டு. வளையல்.

அவருக்குப் பயமாக இருந்தது. பயம் மட்டுமென்று சொன்னால் பொய். நெஞ்சில் ஒரு ஓரத்தில் வெட்கங்கெட்ட ஆசையும் இருந்தது.

அப்போதுதான் கைப்பேசி அதிர்ந்தது. உங்கள் டேட்டா முடியப்போகிறது, மீதம் ஒன்றரை ஜிபி என்றது. அப்டேட்டுக்கு இன்னும் வேண்டியதும் அதே ஒன்றரை. பட்டியலைப் பார்த்தார். மடிக்கணினி இழுக்கும் அளவுக்கு அந்த இரண்டாவது வரியும் இழுத்துக்கொண்டிருந்தது. இப்படியே விட்டால் பாதியில் நிற்கும். நின்றால் குரல் போய்விடும். அவள் விட்டுப்போனது அது ஒன்றுதான்.

கடலில் முழுகின போன் எங்கே, இணையம் எங்கே. எந்தக் கமலாவோ. இந்தக் கட்டடத்தில் கமலாவுக்கா பஞ்சம். பாஸ்வேர்ட் எப்படியோ தெரிந்திருக்கும். ஒவ்வொன்றாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒன்றையும் நம்பவில்லை. ‘தடு’ என்ற சொல்மேல் விரல் வெகு நேரம் நின்றது.

“மன்னிச்சுக்கம்மா,” என்று சொல்லிவிட்டு அமுக்கினார்.

வளையல் சத்தம் நின்றது. எல்லாம் நின்றது.

தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றேழு. நூறு. கணினி அணைந்து, மறுபடி விழித்து, அவளுடைய பக்கத்தைக் காட்டியது. பதிவு அங்கேயே இருந்தது. தொட்டார்.

“ஏங்க. சாப்பிட்டீங்களா? ரசம் ஃப்ரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிக்கோங்க. அப்படியே குடிக்காதீங்க.”

ரத்னவேல் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மூன்று மாதமாக அடைத்து வைத்த அழுகை அத்தனையும் வந்தது. குரல் அவளுடையதுதான். ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை.

அழுது ஓய்ந்து இடது கையை மேசைமேல் வைத்தார். அதை ஒரு கை பிடித்தது.

ஈரம். ஐஸ் மாதிரி குளிர்ச்சி. ஆனால் அவருக்குத் தெரிந்த கை. ஆள்காட்டி விரலில் எண்ணெய் தெறித்த பழைய தழும்பு.

நிமிர்ந்தார். கால் விரலில் மெட்டி. கூறைப்புடவை, தண்ணீர் சொட்ட. வளையல். தோள். கழுத்துவரை அவள். அதற்கு மேலே ஜன்னல் தெரிந்தது, மழை தெரிந்தது.

வலது கையால் கைப்பேசியைத் தேடினார். தடையை எடுத்தார். டேட்டா தீர்ந்துவிட்டது என்றது. மறுபடி தொட்டார். தீர்ந்துவிட்டது என்றது.

குளிர்ந்த விரல் அவர் உள்ளங்கையைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுதியது. மெதுவாக. அவருக்குப் புரியட்டும் என்று அவள் எப்போதும் எழுதுகிற மாதிரி.

மு.

க.

ம்.

நிறுத்தியது. வளையல் குலுங்க மற்றக் கை உயர்ந்து, கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லாத இடத்தில் துழாவிப் பார்த்தது. திரும்ப வந்து எழுதியது.

வரலியே.

மேசைமேல் கமலாவின் குரல், மாத்திரை போட்டாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தது.