இரண்டாவது டிஸ்க்கில் ஒரு ஃபைல்

பத்து நிமிஷத்துக்கு முன்னால் ஃபார்மட் செய்த ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபைல் இருந்தது.

பெர்சி கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தான். புது டிஸ்க். காலையில்தான் ஃபஹாஹீல் கடைவீதியில் வாங்கி, சீலை உடைத்து, தன் கையாலேயே சர்வரில் மாட்டியிருந்தான். லினக்ஸில் டிஸ்க்கை மாட்டிவிட்டால் மட்டும் ஆகிவிடாது. ஃபார்மட் செய்து, ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, அந்த ஃபோல்டரில் அதை மவுண்ட் செய்ய வேண்டும். அப்போதுதான் உள்ளே போக வழி கிடைக்கும். எல்லாம் செய்தாயிற்று. உள்ளே ஒரு மண்ணும் இருக்கக் கூடாது. ஆனால் ஒரு வீடியோ ஃபைல் இருந்தது, மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியோடு.

"பழசைப் புதுப் பெட்டியில வச்சு எனக்க தலையில கெட்டிட்டான், நாசமாப் போறவன்," என்று கடைக்காரனைத் திட்டினான். மவுண்ட்டை நீக்கினான். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, அதே டிஸ்க்தானா என்று இரண்டு முறை சரிபார்த்து, மறுபடி ஃபார்மட் போட்டான்.

போன் அடித்தது. மேனேஜர் பாஸ்கர்.

"என்ன பெர்சி, ஒரு டிஸ்க் மாட்ட அரை நாளா? நாளைக்குக் காலைல இன்ஸ்பெக்ஷன் வர்றாங்க. யல்லா, சீக்கிரம் முடி."

"முடிச்சிருவேன் சார்."

போனை வைத்ததும் பல்லைக் கடித்தான். வெள்ளிக்கிழமை, வளைகுடாவில் லீவு நாள், வெளியே நாற்பத்தெட்டு டிகிரி வெயில். மீனும் இறாலும் அடைத்து வைக்கும் இந்தப் பெரிய கிடங்கில் இன்று அவனைத் தவிர ஒரு ஆள் கிடையாது. ஏசி செத்துப்போன இந்தச் சின்ன ரூமுக்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கோல்ட் ஸ்டோரின் கம்ப்ரசர் இடைவிடாமல் உறுமிக்கொண்டிருந்தது, அதோடு எங்கிருந்தோ கழுவாத இறால் நாற்றம். இந்த டிஸ்க்கை மூன்று தடவை கேட்டான். கேமராப் பதிவு டிஸ்க் நிறைந்துவிட்டது சார், இன்னொன்று வேண்டும் சார் என்று கெஞ்சாத குறை. "அதெல்லாம் அப்புறம் பாக்கலாம்ப்பா" என்றான் பாஸ்கர். அந்த அப்புறம் வருவதற்குள் அபிலாஷ் செத்துப்போனான்.

அபிலாஷ் குளச்சல்காரன். ரூமில் பெர்சிக்குப் பக்கத்துக் கட்டில். மூன்று வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் இறால் பெட்டிகளை எண்ணப் போனவனைக் கோல்ட் ஸ்டோருக்குள் வைத்து யாரோ வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார்கள். உள்ளே இருந்து திறக்கும் கைப்பிடி நாலு மாதமாக உடைந்து கிடந்தது. அதையும் அப்புறம்தான் பார்ப்பார்களாம். சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்தபோது வாசலை ஒட்டி உறைந்துபோய்க் குந்தியிருந்தான். கேமராவில் ஒன்றுமே பதிவாகவில்லை. பழைய டிஸ்க் அதற்கு இரண்டு நாள் முன்பே நிறைந்து நின்றுபோயிருந்தது. "திருட உள்ள போயிருப்பான்" என்று பாஸ்கர் வாய் கூசாமல் சொன்னான். அது ஊர்வரை போய்விட்டது.

டெல்சி, அபிலாஷின் மனைவி, தினமும் போனில் குரல் பதிவு அனுப்புகிறாள். இன்று காலையில் வந்ததை மறுபடி போட்டுக் கேட்டான்.

"அண்ணா, எனக்க மாப்பிள்ளைய கள்ளன்னு பேசுதாவ. பிள்ளைய கூட்டிக்கிட்டு கோவிலுக்குப் போக முடியல. அந்தக் கதவ அடச்சது யாருண்ணு மட்டும் கண்டுபிடிச்சுத் தாங்கண்ணா. எனக்கு அது போரும்."

கண்டுபிடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். அது பாஸ்கராகத்தான் இருக்கும். அந்த ஆளைச் சும்மா விடப்போவதில்லை.

டிஸ்க்கை மவுண்ட் செய்து ஃபோல்டரைத் திறந்தான். அதே ஃபைல். அதே தேதி. அந்த வியாழக்கிழமை. அளவு முன்பைவிடக் கூடியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கூடியது. வேறு எந்த வேலையும் சர்வரில் ஓடவில்லை. கேமராக்களை அவன் இன்னும் இந்த டிஸ்க்கோடு இணைக்கவேயில்லை.

வியர்வை காய்ந்திருந்ததை அப்போதுதான் உணர்ந்தான்.

ஃபைலைத் திறந்தான். முதலில் இருட்டு, பிறகு மங்கலாகக் கோல்ட் ஸ்டோரின் கதவு தெரிந்தது, உள்ளே இருந்து. பாதி திறந்திருந்தது. இரண்டு பக்கமும் இறால் பெட்டிகள். கோல்ட் ஸ்டோருக்குள் கேமராவே கிடையாது. கிடங்கில் ஒவ்வொரு கேமராவையும் மாட்டியது அவன்தான். இந்தப் படம் ஒரு ஆளின் கண் உயரத்திலிருந்து வந்தது. அவ்வப்போது லேசாக ஆடியது, மூச்சு விடுவதைப்போல.

"வாடா பாஸ்கரு, வா," என்றான் சத்தமாக. "மூஞ்சியக் காட்டு."

கதவுக்கு வெளியே காலடிச் சத்தம். யாரோ போனில் கத்திக்கொண்டே வந்தான். "எத்தன தடவை சார் கேக்கது? ஒரு டிஸ்க் வாங்கித் தர வக்கில்லையா?" வெளிச்சத்தில் ஒரு ஆள் நின்றான். போனைக் காதிலிருந்து எடுத்தான். "எந்தக் கழுதை கதவத் தொறந்து போட்டது?" காலால் ஓங்கி ஒரு உதை. வெளிச்சம் ஒடுங்கி ஒரு கோடாக மெலிந்தது. கடைசியில் அந்தக் கோட்டில் தெரிந்த முகம் பெர்சியின் முகம்.

தாழ்ப்பாள் விழுந்தது.

இல்லை. நானில்லை. ஆனால் உதைத்த கால் நினைவுக்கு வந்தது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்தக் கதவை அடைப்பவன் எந்தத் தடவையை ஞாபகம் வைத்திருப்பான்? கோபத்தில் அடைத்தான். உள்ளே பார்க்கவில்லை. போய் பஸ் ஏறினான். மறுநாள் பக்கத்துக் கட்டில் காலியாகக் கிடந்தபோது, அப்பாசியாவில் சொந்தக்காரன் வீட்டுக்குப் போயிருப்பான் என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினான்.

திரையில் இருட்டு. தட்டும் சத்தம். "பெர்சி! எல பெர்சி! நான் உள்ள நிக்கேம்ல!"

அழி என்று கட்டளை கொடுத்தான். அழிந்தது. படம் நிற்கவில்லை. மவுண்ட்டை நீக்கப் பார்த்தான். டிஸ்க் உபயோகத்தில் இருக்கிறது, நீக்க முடியாது என்றது லினக்ஸ்.

"யாருல உபயோகிக்கது? யாரு?" கத்தினான். டெல்சி முகம் வந்தது. அவளுக்கு என்ன சொல்வது? ஒன்றும் சொல்ல வேண்டாம். பாஸ்கர் என்று சொல்லிவிடலாம். பாஸ்கர்தான். அவன்தானே டிஸ்க் வாங்கித் தரவில்லை. அவன்தானே கைப்பிடியைச் சரிசெய்யவில்லை.

தட்டும் சத்தம் நின்றது.

டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கினான். சர்வரின் மின் இணைப்பைப் பிடுங்கினான். ஃபேன் நின்றது. விளக்குகள் அணைந்தன. கம்ப்ரசர்கூட ஓய்ந்துவிட்டது.

திரை மட்டும் எரிந்தது.

அவன் விட்ட மூச்சு வெள்ளையாகப் போனது. திரை முழுக்க உறைபனி படர்ந்திருந்தது. உள்ளங்கையால் துடைத்தான். கை ஈரமாகவில்லை. கண்ணாடி உலர்ந்திருந்தது. மறுபடி துடைத்தான்.

பனி அந்தப் பக்கத்தில் இருந்தது.

அங்கிருந்து நாலு விரல்கள் வந்து, நகம் கறுத்த நாலு விரல்கள், அவன் உள்ளங்கை இருந்த அதே இடத்தில் மெதுவாகத் துடைக்கத் தொடங்கின.