நாலாம் எண்

கூடத்துக் கதவு ஜெசிந்தாவுக்குத் திறக்கவில்லை. அப்பா சிலுவைராசனுக்கும் திறக்கவில்லை.

“ஒரே எண்ணில் இருவர். ஒருவர் விலகவும்,” என்றது சுவரிலிருந்த முகவரிப் பகிர்வி.

வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு கைப்பட்டைக்கும் எண் கொடுப்பது அந்தப் பெட்டியின் வேலை. காலியாக இருப்பதில் சிறியதை, குறித்த நேரம்வரை தவணைக்குக் கொடுக்கும். எண் இல்லாதவருக்குக் கதவும் திறக்காது, குழாயும் சொட்டாது. பேருந்தும் பள்ளியும் அப்படியே. அவையும் வருகிறவருக்குத் தங்கள் எண்ணைத் தரும். ஜெசிந்தாவின் பட்டை மட்டும் எதையும் வாங்காது. இரண்டு வருடத்துக்கு முன் அவள் படிப்பை அப்பா நிறுத்திய அன்றே, அதில் நாலு என்று நிலையாகப் பதித்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டைத் தவிர எந்தக் கதவுக்கும் அவளைத் தெரியாது.

பெட்டிக்குச் சொல்லாமல் பதித்த எண். அதன் கணக்கில் நாலு காலி. இன்று அப்பா பட்டை மாற்றினார். பழைய பட்டையின் ஒன்றாம் எண்ணுக்கு நான்கு மணிவரை தவணை இருந்தது. இரண்டு அம்மாவுக்கு, மூன்று அண்ணனுக்கு. புதிய பட்டைக்குப் பெட்டி நாலைத் தூக்கிக் கொடுத்துவிட்டது.

“என் பட்டையத் தானியங்கிக்கு மாத்துங்கப்பா, பெட்டியே எண் குடுக்கட்டும். ரெண்டு பேருக்கும் கதவு திறந்துரும்.”

“திறக்கும். நீ பள்ளிக்கூடத்துக்கு ஓடுவ. நான் என்ன கிறுக்கனாட்டி?”

மறுசேர்க்கைக்கு இன்றே கடைசி நாள். நான்கு மணிக்குப் பள்ளியில் மணியடித்து வாசலை மூடிவிடுவார்கள். இப்போது மூன்றேகால். மின்விசிறியும் நின்றுவிட்டது.

“நீங்களும்தான அடைஞ்சு கிடக்கீங்க?”

“என் வீட்டுல நான் இருக்கேன். இதுல என்ன அடைச்சல்?”

சொன்னாரே தவிர, மூன்றரைக்கெல்லாம் கழிவறைக் கதவைப் பார்த்துக் காலைக் குறுக்கிக்கொண்டார்.

“அவசரமாப்பா?”

“வாய மூடுட்டி.”

இரண்டு தெரு தள்ளிப் பள்ளி மணி அடித்தது. ஜெசிந்தா விண்ணப்பத்தை நாலாக மடித்தாள். அதற்கென்றே காத்திருந்தவர்போல் சிலுவைராசன் எழுந்து, உள்ளங்கையால் மறைத்துக் கடவுச்சொல்லை அடித்தார்.

“இந்தா, தானியங்கி. இனி எங்க வேணும்னாலும் போ.”

கதவுகள் திறந்தன. அவர் கழிவறைக்கு ஓடினார்.

“வணக்கம், குடும்பத் தலைவரே,” என்றது பெட்டி.

“ம்,” என்றார் உள்ளேயிருந்து.

டீக்கடைக்குக் கிளம்பியவரை வாசல் கதவு நிறுத்தியது. “நாலாம் எண் வெளியே போகக் கேட்கிறது. தலைவரே, விடலாமா?”

“ஏ, நாந்தாம்ல தலைவர்!”

ஒன்றாம் எண் யாரிடமோ அவரே தலைவர். இந்த விதியைப் பெட்டிக்கு எழுதியவரும் அவர்தான். அவர் காத்திருந்த நான்கு மணிக்கே பழைய பட்டையின் தவணையும் முடிந்திருந்தது. காலியான அந்த ஒன்று இப்போது ஜெசிந்தாவின் மணிக்கட்டில் பச்சையாக எரிந்தது.

ஓடிப்போய் மறுபடி கடவுச்சொல்லை அடித்தார். “இப்போது வேறு தலைவர் இருக்கிறார். அவர் ஒப்புதல் தேவை,” என்றது பெட்டி.

“மக்கா... சரின்னு ஒரு வார்த்த சொல்லும்மா.”

ஜெசிந்தா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

“நாளைக்குப் பாப்போம்ப்பா.”

கதவு மூடிக்கொண்டது.