வேர் தடவும் கை

புல்தலைகளை மிதக்க விட்ட மூன்றாம் நாளே பிளாஸ்டிக் பேசின் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மொட்டைமாடியின் அந்த மூலைக்கு வெயிலே வருவதில்லை. ஐறீன் விரலை எடுத்து முகர்ந்தாள். சேற்று வாடைக்குள் அவள் புருஷன் நிக்கலஸ் தலைக்கு வைக்கும் எண்ணெயின் வாடையும் இருந்தது. எல்லாம் களைப்பு என்று சொல்லிக்கொண்டாள். அவன் செத்து நாற்பது நாளாகியும் ஒரு நாள்கூட அவள் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை.

ஹோட்டல் குளங்களுக்குக் குடைப்புல் வளர்த்துக் கொடுப்பது அவளுடைய தொழில். தண்டின் உச்சியில் குடைபோல் விரிந்த தலையை வெட்டி, இலை நுனிகளைக் கத்தரித்து, தலைகீழாகத் தண்ணீரில் மிதக்க விடவேண்டும். இரண்டு மூன்று கிழமையில் வேர் இறங்கும். தூக்கினால் இளவேர் முறிந்துவிடும். அதனால் கையை உள்ளே விட்டுத் தடவித்தான் பார்ப்பாள்.

நாற்பது நாளைக்கு முன்பு, தலை வெட்டத் தாய்ப்புல் தேடி அவளும் நிக்கலஸும் ஹெந்தளைக் கால்வாய்க்குப் போயிருந்தார்கள். கரை சரிந்து அவன் தண்ணீருக்குள் விழுந்தான். நிக்கலஸ் ஒரு கையால் கரையிலிருந்த குடைப்புல்லையும் மறு கையால் அவளுடைய மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு, "விடாத ஐறீன், விடாத" என்றான். எவ்வளவு நேரம்தான் பிடிப்பது? அவளுக்குக் கை ஓய்ந்துபோயிற்று. விட்டுவிட்டாள். வழுக்கிவிட்டது என்று எல்லோருக்கும் சொன்னாள். அவனை வெளியே எடுத்தபோது அந்தப் புல் வேரோடு அவன் பிடிக்குள் இருந்தது. புல் என்ன பாவம் செய்தது என்று நினைத்து அதை வீட்டுக்குக் கொண்டுவந்து நட்டாள். மூன்று நாளைக்கு முன்பு அதன் தலைகளை வெட்டி நாலு பேசின்களில் மிதக்க விட்டாள். ஒரு பேசினை நிக்கலஸின் தங்கை டோரினுக்கும் அவள் மகள் சின்ன ரொஷேலுக்கும் கொடுத்தனுப்பினாள்.

போன் அடித்தது. கிருலப்பனையிலிருந்து டோரின்.

"அண்ணி, புல்லில வேர் வந்திட்டுதோ எண்டு ரொஷேல் ஒரே கரைச்சல். தூக்கிப் பாக்கட்டோ?"

"தூக்கக் கூடாது. கையை விட்டுத் தடவச் சொல்லு. பிள்ளைக்குக் காட்டிக் குடுத்தனான்தானே."

"ஓம் அண்ணி. மாமி செய்யிற மாதிரியே செய்யோணுமாம்." டோரின் சிரித்தாள்.

பேசி முடித்துப் போனைப் படிக்கட்டில் வைத்துவிட்டு ஐறீன் தானும் பேசினுக்குள் கையை விட்டாள். மூன்று நாளில் வேர் வராது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அங்கே ஏதோ இருந்தது. வேரைவிடத் தடிப்பாக, மென்மையாக, வெதுவெதுப்பாக. தடவினாள். ஒன்று. இரண்டு. ஐந்து. கடைசியாக இருந்தது வளைந்திருந்தது.

நிக்கலஸின் சுண்டுவிரல். துறைமுக வேலையில் சங்கிலி நசுக்கி வளைந்த விரல்.

அந்தக் கை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தது.

வலிக்கவில்லை. விடவும் இல்லை.

இழுத்தாள். பேசின் தரையில் உராய்ந்துகொண்டு கூடவே வந்தது. பிடி இறுகியது. அதற்குமேல் பேசின் அசையவில்லை.

அப்போதுதான் அவளுக்கு ரொஷேலின் சின்னக் கை ஞாபகம் வந்தது.

"டோரின்!" என்று கத்தினாள். தெருவில் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

கைக்கு எட்டாத படிக்கட்டில் போன் அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது. மற்ற இரண்டு பேசின்களிலும், காற்றே இல்லாமல், புல்தலைகள் ஒவ்வொன்றாகப் புரண்டன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சுண்டுவிரல் வளைந்திருந்தது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.