முன் ஷாஃப்ட்

வலப்பக்க ஜன்னல் கண்ணாடியில் சேறு வந்து அப்பியபோதுதான் அவளுக்கு உறைத்தது. அது முன் சக்கரம் வாரி அடித்த சேறு. சும்மா உருளும் சக்கரம் இப்படி வாரி அடிக்காது. எஞ்சின் இழுத்துச் சுழற்றினால்தான் அடிக்கும். எஞ்சினின் விசையை முன்னால் கொண்டுபோகும் ஷாஃப்ட்டோ வண்டியிலேயே இல்லை. ஆள் நீளத்துக்கு இருக்கும் அந்த இரும்புக் குழாய், முறுக்கேறி வளைந்துபோய், மெக்கானிக் கடை மேசையில் கிழிந்த சாக்கின் மேல் கிடந்ததைக் காலையில்தான் பார்த்துவிட்டு வந்தாள்.

நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வேன் அது. வீட்டுக்குப் போகும் மண் மேட்டில் வேறெதுவும் ஏறாது என்பதால்தான் வாங்கினார்கள். கணவருக்குப் பக்கவாதம் வந்தபிறகு, அவரைச் சக்கர நாற்காலியோடு ஏற்றி பிசியோதெரபி மையத்துக்குக் கூட்டிப்போய்வர அதைவிட்டால் வேறு கதியில்லை. ஷாஃப்ட் போனதும் மெக்கானிக் அதைக் கழற்றிவிட்டு, பின் சக்கரத்தில் மட்டும் ஓட்டுங்கள், மேட்டில் மட்டும் ஏற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டான். மாற்று தேடி அவள் நாயாய் அலைந்தாள். கம்பெனி அந்த மாடலையே தலைமுழுகிவிட்டது. உதிரிபாகக் கடைகளில் வண்டியின் பெயரைச் சொன்னாலே சிரித்தார்கள். கடைசியில் ஒரு பழைய இரும்புக் கடையில் யாரோ கொடுத்த எண்ணில் ஒருவர் மட்டும், "இருக்குக்கா, நானே வந்து மாட்டிடறேன், நீங்க பக்கத்துல இருக்கணும்னுகூட இல்ல" என்றார். முகம் தெரியாத ஆள். எப்போது பேசினாலும் அவர் பக்கம் ஒரு வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

இத்தனை நாளும் வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டு, அக்கம்பக்கத்தாரைக் கெஞ்சி நாற்காலியைத் தள்ளி ஏற்றிக்கொண்டிருந்தாள். இன்று மையத்திலிருந்து திரும்பும்போது மழை. இருட்டிக்கொண்டு வந்தது, கீழே ஈ காக்கை இல்லை. ஏறினவரைக்கும் ஏறட்டும் என்று வண்டியை விட்டாள். வண்டி ஜம்மென்று ஏறியது.

"சீமாட்டிக்கு இன்னிக்கு என்ன குஷி?" என்றார் கணவர் பின்னாலிருந்து. வேனுக்கு அவர் வைத்த பெயர் சீமாட்டி. கோணிய வாயிலும் கேலிக்குக் குறைச்சலில்லை.

"அந்த சாமான்காரர் மாட்டிட்டார் போலிருக்குங்க. நாம உள்ள இருந்த நேரத்துல வந்திருக்கணும். ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சா குறைஞ்சா போயிடுவாரு?"

வாய் திட்டினாலும் மனசு லேசாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்திலேயே டாஷ்போர்டில் மாட்டியிருந்த போனில் மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

மெக்கானிக் நம்பவில்லை. "விளையாடாதீங்கக்கா. ஷாஃப்ட்டை ரெண்டு பக்கமும் இறுக்குற போல்ட்டெல்லாம் இங்க என் டப்பாலதான் கிடக்கு. அது வேற எங்கயும் கிடைக்காது. போல்ட் இல்லாம கையாலயா பிடிச்சிட்டிருப்பான்? வண்டிய நிறுத்திட்டுக் கீழ குனிஞ்சு பாருங்க."

அவள் பிரேக்கை மிதித்தாள். சக்கரங்கள் நின்றன, வண்டி நிற்கவில்லை. சேற்றில் அப்படியே பின்னோக்கி வழுக்கியது. பின்னால் மேட்டின் வளைவு, வளைவில் தடுப்புச் சுவர் கிடையாது, அதற்குக் கீழே தண்ணீர் நிறைந்த பழைய கல்குவாரி. பதறிப்போய் ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள். முன் சக்கரங்கள் மண்ணைப் பற்றிக்கொண்டன. வண்டி மறுபடி மேலே நகர்ந்தது. இனி உச்சிக்குப் போகாமல் நிறுத்த முடியாது, இறங்கிப் பார்க்கவும் முடியாது. போனில் மெக்கானிக்கின் குரல் அறுந்துவிட்டிருந்தது.

அப்புறம்தான் அந்த வாடை வந்தது. காலடி மிதியடி வழியாகச் சூடான ஆயில் நாற்றம், அதற்குள் நனைந்த தலைமுடியின் நாற்றம், நெடுநாள் குளிக்காத உடம்பின் புளித்த வியர்வை நாற்றம். கூடவே ஒரு சத்தம். இரும்பில் இரும்பு உரசும் சத்தமல்ல, ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை, தப், தப், தப் என்று, வேகம் கூட்டினால் கூடி, குறைத்தால் குறைந்து, அவள் பாதத்துக்கு நேர் கீழே கேட்டது.

"ஏம்மா," என்றார் கணவர். குரலில் கேலி இல்லை. "கீழ யாரோ முனகுறாங்க."

அவளுக்கும் கேட்டது.

போன் அடித்தது. சாமான்காரர். அவள் எடுக்கவில்லை, அதுவே எடுத்துக்கொண்டது. இத்தனை நாள் அவர் பக்கம் ஓடிக்கொண்டிருந்த வண்டியின் சத்தம் போனிலிருந்தும் வந்தது, தரையிலிருந்தும் வந்தது. இரண்டும் ஒன்று.

"ஏறுதாக்கா?"

"அண்ணே, நீங்க எங்க இருக்கீங்க?"

"நிறுத்திடாதீங்க." குரல் கிட்டே வந்து, விலகி, கிட்டே வந்தது. "நின்னா பிடி விட்டுடும். எனக்கே தேஞ்சு போச்சுக்கா. தோள் ரெண்டும் கழண்டாச்சு. இந்த வண்டிக்கு சாமான் கிடைக்காதுன்னு உங்களுக்குத் தெரியாததா? நானும் ரொம்ப காலமா மாத்து தேடிட்டிருக்கேன்."

அவள் கண்ணாடியில் கணவரைப் பார்த்தாள்.

"பின்னால இருக்காரே, ஐயா என்ன உயரம் இருப்பாரு?"

போனைப் பிடுங்கி எறிய வேண்டும். கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. பயந்தால் அவள் கணவருக்கு வாய் நிற்காது, கேலிதான் வரும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

"ஆறடிக்கு ரெண்டு விரல் கம்மி," என்றார் அவர். "ஏன், எனக்குப் பொண்ணு பாத்திருக்கீங்களா?"

"பேசாதீங்க!"

"போதும்க்கா," என்றது போன். "சரியா உக்காரும்."

அடியில் ஏதோ கழன்று விழுந்தது. கண்ணாடியில் பார்த்தாள். பின்விளக்கின் சிவப்பில் நீளமாக ஒன்று சேற்றில் உருண்டு வளைவை நோக்கிப் போனது. அதற்குக் கைகள் இருந்தன. கயிறாய் முறுக்கப்பட்ட கைகள். முகம் முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது.

வண்டி ஒரு கணம் பின்னால் சரிந்தது.

பிடித்துக்கொண்டது.

சத்தமில்லை. அதிர்வில்லை. புதுச் சாமான் போட்ட வண்டி மாதிரி வழுவழுவென்று ஏறியது.

"என்னங்க."

திரும்பிப் பார்த்தாள். சக்கர நாற்காலி இடத்திலேயே இருந்தது. பெல்ட் பூட்டியபடி. போர்வை தொய்ந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை. கதவு திறக்கவில்லை, தரை கிழியவில்லை.

"என்னங்க. எங்க இருக்கீங்க."

காலுக்கடியில் ஒரு இருமல். ஆயிரம் பேருக்கு நடுவிலும் அவளுக்கு அடையாளம் தெரியும் இருமல்.

மேடு முடிந்தது. வீடு வந்தது. வாசலில் நிறுத்தலாம், சமதரைதான், வழுக்காது. நிறுத்தினால் பிடி விட்டுவிடும். பிடி விட்டவருக்கு என்ன ஆனது என்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டாள். கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து எழவில்லை. வாசல் விளக்கைத் தாண்டி, அடுத்த வீட்டைத் தாண்டி, வீடுகளே இல்லாத பக்கம் வண்டி போனது. எரிபொருள் முள் அடிக்கோட்டை ஒட்டி நின்றது. தரைக்கடியில் அவர் கிட்டே வந்து, விலகி, மறுபடி கிட்டே வந்து, சுற்றுக்கு ஒருமுறை அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மெதுவா போம்மா. மெதுவா. மெதுவா."