பெயரில்லாத வீட்டின் பெயர்ப்பலகை

கதவைத் தட்டும் விதத்திலேயே வந்தவரின் கவலையை எடை போட்டுவிடலாம் என்பது அண்ணியின் கட்சி. உதவி கேட்க வருபவர் மெல்லத் தட்டுவார். சண்டைக்கு வருபவர் தட்டாமலே தள்ளுவார். அன்று முற்பகல் கேட்ட தட்டல் இரண்டிலும் சேரவில்லை. உயர்ந்த கை சற்றுத் தயங்கி, பிறகு பொறுக்கமாட்டாமல் படபடவென்று விழுந்தது.

"யாரோ நல்லா பயந்திருக்காங்க. ஓடிப்போய்த் திற தம்பி," என்றார் அண்ணி.

அவர் காப்பீட்டு நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். எரிந்த கடைகளையும் மூழ்கிய படகுகளையும் பார்வையிட்டு, எது விபத்து, எது நாடகம் என்று பிரித்துச் சொல்வதே அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் ஓய்வு பெறவில்லை. அவருடைய கணவரின் தம்பி "அண்ணி, அண்ணி" என்று நிழல்போலப் பின்தொடர்ந்ததால், தெருவே அவரை அண்ணி என்று அழைத்தது. கொழுந்தனின் மீசை நரைத்துவிட்டது. ஆர்வத்தில் மட்டும் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி.

உள்ளே வந்தவர் ஒரு நிவாரண அமைப்பின் இயக்குநர். தண்ணீர்க் குவளையை வாங்கினார், குடிக்கவில்லை.

"எங்க பொறுப்புல ஒரு வீடு இருக்கு. அடிக்கிற புருஷனுக்குப் பயந்து ஓடி வந்த பெண்களும் பிள்ளைகளும் அங்க தங்கியிருக்காங்க. அந்த வீட்டுக்குப் பேர் கிடையாது, பலகை கிடையாது. முன்கதவைத் திறக்கவே மாட்டோம். போறது வர்றது எல்லாம் பின்சந்து வழியாத்தான். இன்னைக்குக் காலைல பார்த்தா முன்கதவுல, எங்களுக்கு நிதி கொடுக்கிற நிறுவனத்தோட சின்னம் போட்ட பலகை தொங்குது!"

"பலகைதானே? கழட்டிட்டா போச்சு," என்றார் கொழுந்தன்.

"கழட்டியாச்சு. ஆனா அதுக்குள்ள ஒரு மோட்டார் சைக்கிள் தெருவுல வட்டம் போட ஆரம்பிச்சிடுச்சு. ஓட்டிட்டு வந்தவனை ஒரு பொண்ணு ஜன்னல் இடுக்குல பார்த்தா. அவ புருஷன். குழந்தை வாயைப் பொத்திக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில போனவ இன்னும் வெளிய வரல."

கொழுந்தனின் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது.

இயக்குநர் தொடர்ந்தார். நிதி தரும் நிறுவனம் பணியாளர் அனைவருக்கும் இணையவழிப் பயிற்சி ஒன்றைக் கட்டாயமாக்கியிருந்தது. தன் பணத்தில் நடக்கும் இடந்தோறும் சின்னம் பொறித்த பலகை வைக்க வேண்டும் என்பது முதல் பாடம். எவ்வாறு வைக்க வேண்டும், எங்கெங்கே வைக்கவே கூடாது என்பது இரண்டாம் பாடம்.

"ரெண்டாவது பாடம் நேத்து சாயங்காலம்தான் நடந்துச்சு. எங்க டிரைவர் மட்டும் வரல. அந்த வீட்டுல ஒரு குழந்தைக்குக் காய்ச்சல்னு மத்தியானமே ஆபீஸ்ல சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய், இருட்டினப்புறம் கொண்டுவந்து விட்டாரு. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் யாருமே போகல. அதனால பாதிப் பாடம் படிச்சவரு தெரியாம மாட்டிட்டாருன்னு எல்லாரும் சொல்றாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் எதைச் சொல்ல? பொழுது சாயறதுக்குள்ள எல்லாரையும் வேற வீட்டுக்கு மாத்தணும். எங்க வேனை ஓட்டத் தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ஒருத்தர் டிரைவர். இன்னொருத்தர் எங்க பயிற்சி ஒருங்கிணைப்பாளர், ஆபீஸ்ல வாத்தியார்னு கூப்பிடுவோம். யார் ஓட்டினாலும் புது விலாசம் அவருக்குத் தெரிஞ்சுபோகும். தப்பான கையில சாவியைக் கொடுத்தா, புலிக்குப் பயந்தவங்களை நானே புலிக் குகையில இறக்கிவிட்ட மாதிரி."

"பழைய வீடு யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, வார்டன் அக்காவுக்கு, டிரைவருக்கு, வாத்தியாருக்கு. அப்புறம் பலகை, போட்டோ எல்லாம் பார்த்துக்கிற எங்க விளம்பர அதிகாரி. படக்காரர்னா எல்லாருக்கும் தெரியும். பலகைங்க ஆபீஸ் வாசல்லயே அடுக்கிக் கிடக்கு. யாரும் எடுக்கலாம்."

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டார்.

*

அந்தத் தெருவில் இரவெல்லாம் பெய்த மழையின் தண்ணீர் இன்னும் தேங்கிக் கிடந்தது. முன்கதவின் மேற்பாதி இரும்புக் கம்பிகள், கீழ்ப்பாதி தகடு. கோடை முழுவதும் ஏறிய புழுதியை மழை கழுவிவிட்டதால் தகடு பளபளத்தது. நடுவில் மட்டும், பலகை இருந்த இடத்தில், நீள்சதுரமாக ஒரு பழுப்புத் திட்டு. அண்ணி அதன்மேல் விரலை இழுத்து, கொழுந்தனிடம் காட்டினார்.

"என்ன தெரியுது?"

"அழுக்கு, அண்ணி."

"ஆமா. காய்ஞ்ச அழுக்கு."

வார்டன் அக்கா கழற்றிய பலகையையும் ஒரு வாளியையும் கொண்டுவந்தார். வாளியில் கட்டுக்கம்பித் துண்டுகளும், சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர்ப் பட்டைகளும் கிடந்தன.

"கம்பிக்கும் கதவுக்கும் நடுவுல இந்த ரப்பரை வெச்சுக் கட்டியிருந்தாங்க அண்ணி. முறுக்குன முனையைக்கூடக் கையைக் கிழிக்காம உள்பக்கமா மடிச்சிருந்தது."

"கம்பி, டியூப்! ரெண்டுமே டிரைவர் சாமான்!" கொழுந்தன் துள்ளினார். "வண்டிப் பெட்டியைத் திறந்தா மிச்சம் இருக்கும் பாருங்க!"

"எங்க வீட்டுப் பரண்லயும் இருக்கும். அதுக்காக உங்க அண்ணனைப் பிடிச்சுக் கொடுத்துடலாமா?" என்ற அண்ணி, வார்டன் பக்கம் திரும்பினார். "இப்படி ரப்பர் வெச்சுக் கட்டறதை வேற எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

"நேத்து கிளாஸ்லதான் அண்ணி முதல்ல பார்த்தேன். போன்லயே பார்த்தேன். வாடகைக் கட்டடத்துல ஓட்டை போடக் கூடாதாம், கீறல்கூட விழக் கூடாதாம். நிதி கொடுக்கிறவங்க நிபந்தனை. இப்படிக் கட்டணும்னு வாத்தியார் செஞ்சே காட்டினாரு. அதுவரைக்கும் எல்லாப் பலகைக்கும் ஆணிதானே!"

"அப்போ டிரைவர் தப்பிச்சாரு!" கொழுந்தன் கட்சி மாறினார். "அவர்தான் கிளாஸுக்கே வரலையே! கிளாஸ்ல கத்துக்கிட்ட ஆளுதான் ராத்திரியோட ராத்திரியா வந்து கட்டியிருக்கணும்."

"விரலைப் பாரு தம்பி."

கொழுந்தன் மீண்டும் பார்த்தார். மீண்டும் அழுக்குதான் தெரிந்தது.

"மழை எப்ப பிடிச்சுது?" என்று கேட்டார் அண்ணி.

"கிளாஸுக்கு முன்னாடியே. தகரக் கூரை போட்ட சத்தத்துல ஒண்ணும் கேக்கல. வாத்தியார் வாய் அசையறது மட்டும் தெரிஞ்சுது. கொஞ்சம் குறையட்டும்னு காத்திருந்துதான் ஆரம்பிச்சாரு. ஆனா விடிய விடிய விடவே இல்ல."

அப்போது தெருமுனையில் மோட்டார் சைக்கிளின் உறுமல் கேட்டது. வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த குழந்தைக் காலடிகள் ஒரே நொடியில் நின்றன. யாரும் அதட்டவில்லை, அவை தாமாகவே நின்றன. உறுமல் நெருங்கி, தயங்கி, கடந்து போயிற்று.

*

அலுவலக மேசையின்மேல் வேன் சாவி கிடந்தது. பழைய வீட்டின் விலாசம் தெரிந்த ஐவரும் அதைப் பாராததுபோல் பார்த்துக்கொண்டிருந்தனர். ஹாரனைத் தொடாமலே வண்டி ஓட்டிப் 'பொறுமை' என்று பெயர் வாங்கிய டிரைவர், பெஞ்சின் ஓரத்தில் கைகளைத் தொடைகளுக்கு நடுவே செருகி உட்கார்ந்திருந்தார். வாத்தியார் மடிப்புக் கலையாத சட்டையுடன் மேசைக்கு அருகிலேயே நின்றார்.

"மேடம், பொழுது போகுது. நான் எடுத்துட்டுக் கிளம்பறேன்," என்றார் அவர். "பாவம், பொறுமை அண்ணன் வேணும்னு செஞ்சிருக்க மாட்டாரு. ரெண்டாவது பாடத்தைக் கேட்டிருந்தா இந்தத் தப்பு நடந்திருக்காது. அவ்வளவுதான்."

"நான் அந்தக் கதவைத் தொடவே இல்லீங்க," என்றார் டிரைவர் தாழ்ந்த குரலில். "மழையில பின்பக்கமா வந்து பிள்ளையை விட்டுட்டுப் போனேன்."

"குற்றவாளி எவன் ஒத்துக்கிட்டான்?" என்று முணுமுணுத்த படக்காரரிடம் அண்ணி திரும்பினார்.

"நீங்க பலகையை எப்படி மாட்டுவீங்க தம்பி?"

"ஆணிதாங்க. நேத்து காலைலகூட ஒரு கிளினிக் சுவத்துல அடிச்சேன். வீட்டுக்காரர் என் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாரு. இந்த ரப்பர் விஷயம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்தத் தலைமுறைங்க எல்லாம் நிம்மதியா இருந்திருக்கும்."

டிரைவரைத் தவிர மற்றவர்கள் தம்மை மறந்து சிரித்தார்கள். அண்ணி வாத்தியாரைப் பார்த்தார்.

"நல்ல பாடம் நடத்தியிருக்கீங்க. வார்டன் அக்காவுக்கு ஒவ்வொண்ணும் மனப்பாடம்."

"கஷ்டப்பட்டுத் தயாரிச்சதுங்க," வாத்தியாரின் முகம் மலர்ந்தது. "மூலப் பாடம் வேற மொழியில வந்துச்சு. மொழிபெயர்த்ததே நான்தான்."

"அப்போ நேத்துக்கு முன்னாடியே இவங்க யாராவது அதைப் படிச்சிருக்கலாமே?"

"வாய்ப்பே இல்லை. கிளாஸ் ஆரம்பிக்கிற வரைக்கும் யார் கண்ணுலயும் காட்டல. முன்னாடியே கொடுத்தா கேள்விக்குப் பதிலை எழுதி வெச்சுக்குவாங்க. ரப்பர் வெச்சுக் கட்டிக் காட்டினப்போ எல்லாரும் வாயைப் பிளந்தாங்களே, நீங்க பார்த்திருக்கணும்."

"அதுக்கு முன்னாடியே மழை பிடிச்சிடுச்சு இல்ல?"

"ஆமா. மழை குறையட்டும்னு கேமரா முன்னாடியே உக்காந்திருந்தேன். எல்லாரும் பார்த்தாங்க."

அண்ணி தம் விரலை உயர்த்திக் காட்டினார்.

"என் கொழுந்தன் இதை அழுக்குன்னான். சரியாத்தான் சொன்னான். பலகை இருந்த இடத்துல புழுதி காய்ஞ்சு கிடந்தது; சுத்தி மழை கழுவியிருந்தது. ராத்திரி கட்டியிருந்தா அந்த இடமும் கழுவிப் போயிருக்கும். அப்போ பலகை எப்ப வந்துச்சு? மழைக்கு முன்னாடி. முன்கதவை யாரும் திறக்காததால காலைல வரைக்கும் கண்ணுல படல. மழை எப்ப வந்துச்சு? பாடத்துக்கு முன்னாடி. ரப்பர் வெச்சுக் கட்டறது எதுல வந்துச்சு? பாடத்துல." அண்ணியின் குரல் உயரவில்லை. "அப்படின்னா, பாடம் நடக்கறதுக்கு முன்னாடியே அந்தப் பாடம் தெரிஞ்ச கை ஒண்ணுதான் இந்தப் பலகையைக் கட்டியிருக்க முடியும். அது யாரோட கைன்னு இப்ப நீங்களே சொன்னீங்க."

வாத்தியாரின் மலர்ந்த முகம் மலர்ந்தபடியே உறைந்தது.

"காகத்து மேல பழி போடறதுக்காக ஒரு தூக்கணாங்குருவி காக்காக் கூடு கட்டிச்சாம்," என்றார் அண்ணி. "கோணல் குச்சியாப் பொறுக்கி, ஏனோதானோன்னு அடுக்கிச்சாம். எல்லாம் சரியா வந்துச்சு. கடைசிக் குச்சி ஆடறதைப் பார்க்கப் பொறுக்கல. பழக்கத்துல அலகால ஒரு முடிச்சுப் போட்டுடுச்சாம். அந்த முடிச்சைப் பார்த்துட்டுக் காக்கா சொல்லிச்சாம், எங்க சாதியில இவ்வளவு நல்லாக் கட்டத் தெரிஞ்சவங்க யாருமே இல்லியேன்னு. நீங்க ஒரு ஆணி அடிச்சிருந்தா இந்த மனுஷன் மாட்டியிருப்பாரு. ஆனா வாடகை வீட்டுக் கதவுல கீறல் விழ உங்க கை விடல."

மேசையின்மேல் இருந்த வாத்தியாரின் கைப்பேசி அப்போது அதிரத் தொடங்கியது. அழைத்தவரின் பெயருக்குப் பதிலாக 'நண்பன்' என்றிருந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை. அதிர்ந்து அதிர்ந்து அது மேசை விளிம்புவரை நகர்ந்து, நின்றது.

"எடுத்தா என்ன கேப்பான்?" என்றார் இயக்குநர். "புது வீடு எங்கன்னா?"

வாத்தியார் நாற்காலியைத் தேடி அமர்ந்தார். "சின்ன வயசுல ஆத்துச் சுழல்ல இருந்து என்னை இழுத்துப் போட்டவன் மேடம். பிள்ளையை ஒரு தடவை பார்த்தாப் போதும்னு என் காலைப் பிடிச்சு அழுதான். யாருக்கும் விலாசம் சொல்ல மாட்டேன்னு உங்ககிட்ட வாக்குக் கொடுத்திருந்தேன். அதை நான் மீறல. வாயால ஒரு வார்த்தை சொல்லல. அந்த வட்டாரத்துல பலகை இருக்கிற வீடாப் பாருன்னு மட்டும்தான்..."

வாக்கியம் முடியவில்லை. தாம் சொன்னது தம் காதிலேயே விழுந்துவிட்டது போலும், தலை கவிழ்ந்தது.

"அவன் உங்களைக் காப்பாத்தினது உண்மையா இருக்கலாம்," என்றார் வார்டன் அக்கா. "அவ முதுகை நீங்க பார்த்ததில்லை. நான் மருந்து போட்டிருக்கேன்."

இயக்குநர் சாவியை எடுத்து டிரைவரின் கையில் வைத்தார். அந்தக் கையை இரு கைகளாலும் ஒருமுறை அழுத்தினார்.

"விடுங்க மேடம். பிள்ளைக்கு இன்னும் காய்ச்சல் விடல, சீக்கிரம் போகணும்," என்றார் டிரைவர்.

"வண்டி எடுக்கிறதை அவன் பார்த்துட்டா?" படக்காரர் எழுந்துவிட்டார். "பின்னாலேயே வருவானே!"

"அவன் எதைத் தேடிட்டு இருக்கான்?" என்று கேட்டார் அண்ணி.

"பலகையை."

"அப்போ மறுபடியும் மாட்டுங்க."

*

பொழுது சாயும் நேரம். முன்கதவில் பலகை பழையபடி தொங்கியது. தெருமுனையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டவன், தேடியது கிடைத்துவிட்ட நிம்மதியோடு, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றான். இயக்குநர் சொல்லி வரவழைத்து, எதிர்க்கடையில் சாதாரண உடையில் செய்தித்தாள் விரித்திருந்த இரு காவலர்கள் அவனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பின்சந்தில் வேனின் கதவு ஓசையின்றி மூடியது. கட்டிலடியிலிருந்து வெளியே வந்தவள் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டாள். இயக்குநர் டிரைவரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். வண்டி நகர்ந்தது. குறுக்கே ஒரு கோழி வந்தபோதும் ஹாரன் ஒலிக்கவில்லை.

"எந்த ஊருக்கு அண்ணி?" கொழுந்தனின் ஆவல் அடங்கவில்லை.

"கேக்கல தம்பி. நீயும் கேக்காதே." சந்தின் திருப்பத்தில் வேன் மறையும்வரை பார்த்திருந்த அண்ணி, திரும்பி நடந்தார். "ஆமா, பலகையை நீதானே மாட்டினே? ரப்பர் வெச்சியா?"

"வெச்சேன் அண்ணி."

"நல்லது. வாடகை வீடு."