காயாத எச்சில்

சூளூர்பேட்டையில் நான் வேலைக்குச் சேர்ந்த கட்டடம் அதற்கு முன்பு இறால் கம்பெனியாக இருந்தது. வெளிநாட்டுக்குப் போகும் இறாலை அங்கேதான் உரித்து ஐஸில் வைப்பார்களாம். குட்டைகளில் நோய் விழுந்து இறாலெல்லாம் செத்து மிதந்த பிறகு கம்பெனியை மூடிவிட்டார்கள். சில வருடம் கழித்து அதே குளிர் அறைக்கு மேசைகளும் கம்ப்யூட்டர்களும் வந்தன. சுவருக்கு மூன்று முறை வெள்ளை அடித்திருந்தார்கள். ஆனாலும் அந்த ஜூன் மாதக் காலையில் கதவைத் திறந்ததும் நாற்றம் வந்து முகத்தில் ஒட்டியது.

என் கணவர் கோவர்த்தனன் அப்போது குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் இரண்டரை வயது யமுனாவைத் தூக்கிக்கொண்டு பாலசமுத்திரத்திலிருந்து வந்து, ரத்தினம்மா வீட்டில் ஒற்றை அறை எடுத்திருந்தேன். பகலில் ரத்தினம்மாதான் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். வந்த வாரமே யமுனா குழாயடியில் விழுந்து முன்பல் ஓரத்தை உடைத்துக்கொண்டாள். சிரித்தால் அந்த உடைசல்தான் முதலில் தெரியும்.

மேற்பார்வை நாகையா சார். இறால் காலத்திலும் அவர்தான் மேற்பார்வை. தெலுங்கு கலந்துதான் பேசுவார்.

"அப்ப இறா, இப்ப பிலிமு. ரெண்டயும் நோகாம எடுக்கணும். ரெண்டும் நாறும். அங்கயும் கிளவுஸ், இங்கயும் கிளவுஸ். எனக்கு ஏமி மாறல," என்றார்.

நின்றுபோன ஏதோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை தன் படங்களையெல்லாம் ஒரு நூலகத்துக்குக் கொடுத்திருந்தது. மனிதர்கள் விண்வெளிக்குப் போன கதை முழுவதும் அதில் இருந்தது. பயிற்சி எடுப்பவர்கள், ராக்கெட்டில் ஏறுபவர்கள், நிலாவில் நடப்பவர்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் இன்டர்நெட்டில் பார்க்கும்படி வைக்கப் போகிறார்களாம். அந்தப் பிலிம்களின் நகல்கள் பெட்டி பெட்டியாக எங்களிடம் வரும். பூஞ்சையைத் துடைத்து, ஸ்கேன் செய்து, மிச்சமிருக்கும் புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் அழிக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் சுத்தமான கறுப்பைக் கொஞ்சம் எடுத்துப் புள்ளியின் மேல் வைத்தால் புள்ளி போய்விடும்.

"வானத்துல வெள்ளையா எதுனா தெரிஞ்சா நட்சத்திரம்னு நெனச்சுக்காதம்மா. நிலா மேல எடுத்த இந்தப் போட்டோவுல நட்சத்திரம் விழாது. வெள்ளையா இருந்தா அழுக்கு. அழி," என்பார் நாகையா சார்.

முதல் மாதம் அந்த வேலை எனக்குப் பிடித்தே இருந்தது. கோடையில் வற்றிப்போன பழவேற்காடு ஏரியைப் போலச் சாம்பல் நிலம். அதன் மேல் ஆழம் தெரியாத கறுப்பு. நான் பார்த்தே இராத ஓர் ஊருக்குத் தினமும் போய் வருகிற மாதிரி இருந்தது. நாற்றம்கூட மறந்துவிடும்.

பத்தொன்பதாவது பெட்டி வரும் வரைக்கும்.

அதன் மூடியைத் திறந்ததும் பக்கத்து மேசை சிவசங்கரி மூக்கைப் பொத்திக்கொண்டாள். புத்தூர்ப் பெண். எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"யக்கா, இன்னா இது, ஒரு வாரத்துக் கஞ்சி மாதிரி."

கஞ்சி இல்லை. புளித்த காடி நெடி. அதற்குள்ளே வேறு ஏதோ, வெந்நீரில் ஊறிய தோல் போல. ஒவ்வொரு பிலிமும் மெல்லிய தாள் உறைக்குள் இருக்கும். ஈரத்தில் உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. கையுறை போட்ட விரலுக்குப் பிரிபடவில்லை. நான் செய்யக் கூடாததைச் செய்தேன். ரேஷன் கடையிலும் பஸ்ஸிலும் எல்லோரும் செய்கிறதுதான். கையுறையைக் கழற்றி, விரலை நாக்கில் தொட்டு, உறையைப் பிரித்தேன். மறுபடியும் நாக்கு, மறுபடியும் உறை. பெட்டி முழுவதும் அப்படித்தான் பிரித்தேன்.

நாக்கில் ஒரு ருசி ஏறியது. அழுகிய புளியும் இறால் ஓடும் கலந்த ருசி. ஓடிப்போய்த் துப்பினேன். எச்சிலில் வெள்ளையாக ஒரு நூல் மிதந்தது. இழுத்தேன். அது இன்னும் என் தொண்டைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்து முதல் படத்தைத் திரையில் திறந்தேன். சாம்பல் நிலத்தில் ஒருவர் நிற்கிறார். முகத்தை மறைக்கும் பொன் நிறக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள், படம் எடுப்பவர் தெரிய வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி. கறுப்பை வைத்து அழித்தேன். அடுத்த படத்தில் அதே இடத்தில் புள்ளி சற்றுப் பெரிது. அதற்கடுத்ததில் இன்னும் பெரிது. பெரிதாக்கிப் பார்த்தேன்.

அது புள்ளி இல்லை.

வாய்.

முகம் இல்லாத வாய். பல் ஒன்றுகூட இல்லை. ஈறு மட்டும், உரித்த இறாலின் சதை போல வெளிறிச் சொதசொதவென்று இருந்தது. ஏதோ ஊட்டக் காத்திருப்பதுபோல அகலமாகத் திறந்திருந்தது.

அழித்தேன். மறுநாள் காலை திறந்தபோது, அழித்த இடத்தில் மறுபடி இருந்தது. பிலிமை எடுத்துப் பார்க்கலாம் என்று உறையைத் தொட்டேன். நேற்று நான் விரல் வைத்த இடம் ஈரமாகவே இருந்தது. குளிர் இயந்திரம் ஓடும் அறையில், எல்லாம் முறுகிக் காய்ந்துபோகும் அறையில், என் எச்சில் காயவில்லை.

மூன்றாம் நாளும் காயவில்லை.

அந்த ஈரத்தைச் சுற்றித் தாள் கொஞ்சம் அரிக்கப்பட்டிருந்தது. யாரோ நக்கி நக்கித் தேய்த்த மாதிரி.

வீட்டில் நான் யமுனாவுக்கு இட்லி ஊட்டும்போது ஓர் ஓரத்தைக் கடித்து, சூடு பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். எல்லாத் தாயும் செய்வதுதான். அந்த வாரம் ரத்தினம்மா என்னை வாசலிலேயே நிறுத்தினாள்.

"இன்னாமே, உன் பொண்ணு நான் குடுத்தா எதயும் துன்ன மாட்டேங்குது. காலைல இருந்து பட்டினி. பிஸ்கட் குடுத்தேன், தூக்கிப் போட்டுட்சு."

நான் தட்டில் சோறு பிசைந்து நீட்டினேன். யமுனா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"எச்சி பண்ணிக் குடு," என்றாள்.

"இன்னாடி?"

"நீ துன்னு. துப்பிக் குடு."

அவள் திறந்த வாயிலிருந்து காடி நெடி அடித்தது. பெட்டியின் அதே நெடி. உடைந்த பல்லின் ஓரத்தில் பஞ்சு போல வெள்ளை ஒட்டியிருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது. எனக்குக் குமட்டியது. பெற்ற பிள்ளையைப் பார்த்துக் குமட்டுகிறதே என்று அழுகையும் வந்தது. ஆனால் காலையிலிருந்து பட்டினி கிடந்த குழந்தை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, மென்று, உள்ளங்கையில் துப்பி, ஊட்டினேன். கை காய்ந்துபோகும் வரைக்கும் அவள் நக்கினாள்.

டாக்டர் கொடுத்த மருந்து கேட்கவில்லை. ரத்தினம்மா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"கண்ணு பட்டுகிதுமே. உப்பும் மொளகாயும் எடுத்து மூணு சுத்து சுத்து. கொயந்தய மூணு வாட்டி துப்பச் சொல்லி அடுப்புல போட்டுடு. ஆரு கண்ணுன்னு தெரிஞ்சா அவங்க காலடி மண்ணு துளி சேத்துக்க."

யார் கண் என்று எனக்குத் தெரியும். கண்ணே இல்லாதது அது. படத்தின் சாம்பல் மண்ணில் நிறையக் காலடிகள் இருந்தன. எனக்கு எட்டாத மண். என் கைக்கு எட்டியது அந்த உறை ஒன்றுதான். மறுநாள் பிலிமைப் புது உறைக்கு மாற்றிவிட்டு, ஈரம் காயாத பழைய உறையை டிபன் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில் நேரம். உறைக்குள் கல்லுப்பும் ஏழு மிளகாயும் வைத்து மடித்தேன். யமுனாவைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்து, மூன்று முறை சுற்றினேன்.

"துப்பு கண்ணு. தூ சொல்லு."

தூ. தூ. தூ.

மூன்றும் உறையின் ஈரத்தின் மேலேயே விழுந்தன. அடுப்பில் போட்டேன். தாள் எரியாமல் முதலில் சுருண்டது. பிறகு குப்பென்று பிடித்துக்கொண்டது. ஏழு மிளகாய் எரிந்தும் துளி நெடியில்லை. யாரும் இருமவில்லை.

"பாத்தியா, எவ்ளோ கண்ணு," என்று ரத்தினம்மா திருப்தியாகச் சொன்னாள்.

அன்று மத்தியானம் யமுனா தானாகவே தட்டை இழுத்துச் சாப்பிட்டாள். வாயில் நெடியில்லை. என் நாக்கின் ருசியும் போய்விட்டது. அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை பத்தொன்பதாவது பெட்டியின் படங்களைக் கடைசியாகச் சரிபார்த்து அனுப்ப வேண்டியிருந்தது. முதல் படத்தைத் திறந்தேன். பொன் நிறக் கண்ணாடி. அதற்குள் அந்தப் பெரிய வாய் மூடியிருந்தது. வயிறு நிறைந்தவரின் வாயைப் போல, ஒரு மெல்லிய கோடாக.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு வாய்.

சின்னது.

பால் பற்கள். முன்பல் ஒன்றின் ஓரம் உடைந்திருந்தது.

விலக்கத்தான் துப்பச் சொன்னேன். ஆனால் அதற்கு வேண்டியிருந்தது எச்சில். என்னுடையதைத் தின்று சலித்த பிறகு என் பிள்ளையின் எச்சிலை நானே, என் கையாலேயே, மூன்று முறை ஊட்டியிருக்கிறேன்.

"அதெந்துக்கு அப்படியே பாத்துகினு இருக்க?" நாகையா சார் பின்னால் வந்து நின்றார். குனிந்து பார்த்தார். அவருக்கு அது வாயாகத் தெரியவில்லை. "பூஞ்ச. ஜருகம்மா, தள்ளிக்கோ, நான் அழிக்கறேன்."

நான் கையைப் பிடிப்பதற்குள் அவர் பக்கத்திலிருந்த கறுப்பை எடுத்துச் சின்ன வாயின் மேல் வைத்துவிட்டார். பெரிய வாயின் மேல் அவர் கை போகவே இல்லை. அது அவர் கண்ணில் படவில்லை போலும்.

சிவசங்கரி கடிகாரத்தைப் பார்த்து, "மூணே கால், டீ வரல," என்றது நினைவிருக்கிறது.

அவர் போன பிறகு நான் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் இருக்கும். பிறகு போன் அடித்தது. ரத்தினம்மா. யமுனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து கத்தினாள்.

"மே, ஓடியா. கொயந்த முறுக்கு துன்னுகினே இருந்துட்சு, திடீர்னு வாய் மூடிகிச்சு. ஒதடு ரெண்டும் ஒட்டிகிச்சுமே. கோடுகூடத் தெரியல. மூக்கால முனகுது."

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"மூணே கால் இருக்கும்."

ரிசீவரைத் தொங்கவிட்டுவிட்டு ஓடிவந்து, கடைசியாகச் செய்ததை ரத்து செய்யும் பொத்தானை அழுத்தினேன். கறுப்பு விலகியது. சின்ன வாய் திரும்ப வந்தது. தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரிலிருந்து ரத்தினம்மாவின் குரலுக்குப் பின்னால் யமுனா அழுவது கேட்டது. வாய் திறந்து, தொண்டை கிழிய அழுதாள். என் வாழ்நாளில் அத்தனை இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை.

அன்று மாலை எல்லாப் படங்களும் சுத்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாகையா சார் என் கையெழுத்தை நம்பினார். படங்கள் போய்விட்டன.

இப்போது நாங்கள் திருப்பதியில் இருக்கிறோம். யமுனா ஒன்றாம் வகுப்பு. நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகச் சிரிக்கிறாள். குவைத்துக்கு வந்துவிடும்படி கோவர்த்தனன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அங்கே நினைத்த நேரம் இன்டர்நெட் கிடைக்குமா என்றுதான் நான் கேட்கிறேன். அவர் சிரிக்கிறார். மாதம் ஒரு முறை பஸ் நிலையத்துக்குப் பக்கத்து இன்டர்நெட் சென்டருக்குப் போய் அந்தப் படத்தைத் திறக்கிறேன். யாரும் சுத்தம் செய்துவிடவில்லையே என்று பார்க்க. இத்தனை பேர் பார்க்கும் படம். எங்கோ ஒருவர் அது அழுக்கு என்று சொன்னால் போதும்.

இதுவரை யாரும் சொல்லவில்லை. சின்ன வாய் அதே இடத்தில், பெரிய வாய் மூடிய கோடாக.

முந்தாநாள் யமுனாவின் முன்பல் விழுந்தது, ஓரம் உடைந்த அந்தப் பல். அவள் சிரித்துக்கொண்டே உள்ளங்கையில் நீட்டினாள். சாணி உருண்டைக்குள் வைத்து நானே கூரைமேல் எறிந்தேன். ஓட்டில் பட்டு உருளும் சத்தம் கேட்கக் காத்திருந்தேன். கேட்கவில்லை.

இன்று காலை சென்டரில் படத்தைத் திறந்தேன். சின்ன வாயில் முன்பல் இருந்த இடம் காலி. அது நான் எதிர்பார்த்ததுதான்.

பெரிய வாய் திறந்திருந்தது.

வெளிறிய அந்த ஈறில் ஒரே ஒரு பல் முளைத்திருந்தது. ஓரம் உடைந்த பல்.